நல்ல நிர்வாகத்தை அளக்க அளவுகோல் உண்டா?

வெப்பத்தை வெப்பமானியால் அளக்கிறோம். நீளத்தை அடிக்கோலால் அளக்கிறோம். மின்னோட்டத்தை அம்மீட்டரால் அளக்கிறோம். சரி, "அந்த நாட்டில் அரசாங்கம் நன்றாக வேலை செய்கிறது" என்று பெரியவர்கள் காப்பிக் கடையில் பேசிக்கொள்கிறார்களே, அதை எதனால் அளப்பது?

சிரிக்க வேண்டாம், மாணவர்களே. உலகின் பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இந்த ஒரு கேள்விக்காக மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து ஆய்வு செய்கிறார்கள். முனைவர் பட்டத்திற்குப் பிறகு, பேராசிரியர் பதவிக்கு முன்னர், ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு முழு நேரமும் ஆராயும் இந்தக் கட்டத்தை 'முனைவருக்குப் பிந்தைய ஆய்வு' என்பார்கள். அரசு நிர்வாகத்தின் செயல்திறனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்பது, இவ்வாறு ஆராயப்படும் பெரிய கேள்விகளுள் ஒன்று.

"சார், இது அறிவியலா?" என்று வகுப்பில் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முகவையும் அமிலமும் இல்லாததால் அவர்களுக்கு ஐயம். ஆனால் உற்றறிதல், கருதுகோள், மாறிகள், தரவு, முடிவு என்று நீங்கள் ஆரம்பப் பள்ளியிலேயே கற்ற படிகள் அனைத்தும் இங்கே உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு விழுக்காடு என்ன செய்துவிடும்?

முதலில், வளர்ச்சி ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு நாட்டின் சராசரி வருமானம் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வளர்கிறதோ, அந்த எண்ணால் 70-ஐ வகுத்தால், வருமானம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறக்குறையக் கிடைக்கும்.

ஆண்டுக்கு 2 விழுக்காடு வளரும் நாட்டில் 70-ஐ 2-ஆல் வகுத்தால் 35 ஆண்டுகள். 5 விழுக்காடு வளரும் நாட்டில் 14 ஆண்டுகள். இன்று உங்களுக்கு 16 வயது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாட்டில் பிறந்திருந்தால், வருமானம் இரட்டிப்பாவதைக் காண 51 வயதுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது நாட்டில் 30 வயதிலேயே அது நடந்துவிடும். அங்கு நீங்கள் 51 வயதை எட்டும்போது வருமானம் ஐந்தரை மடங்காகியிருக்கும். கணிப்பானை எடுத்து 1.05-ஐ 35 முறை பெருக்கிப் பாருங்கள்.

சில விழுக்காட்டு வித்தியாசம் ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மண்ணா, மழையா, எண்ணெய் வளமா, கல்வியா, அல்லது அரசு அலுவலகங்கள் வேலை செய்யும் விதமா?

கேட்டு அளக்கும் முறை

நிர்வாகத்தை அளக்க உலக வங்கி வெளியிடும் ஒரு குறியீடு பெரிதும் பயன்படுகிறது. டேனியல் காஃப்மன், ஆர்ட் கிராய் ஆகிய ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தத் தொகுப்பில் 1996-ஆம் ஆண்டு முதலான தரவுகள் உள்ளன. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பிரதேசங்களும் இதில் இடம்பெறுகின்றன. மொத்தம் ஆறு கூறுகள். அவற்றுள் ஒன்றுதான் 'அரசு நிர்வாகச் செயல்திறன்'. பொதுச் சேவையின் தரம், அரசு ஊழியர்கள் அரசியல் நெருக்குதல் இன்றிப் பணியாற்றும் நிலை, கொள்கைகளைத் தீட்டி நிறைவேற்றும் திறன் ஆகியவற்றை இது குறிக்கிறது.

இதன் அளவுகோல் நீண்ட காலமாக ஏறத்தாழ −2.5 முதல் +2.5 வரை இருந்து வந்தது. உலகச் சராசரி சுழியம். சிங்கப்பூர் வழக்கமாக உச்சிக்கு அருகே நிற்கும். மலேசியா சுழியத்திற்கு மேலேயே இருந்து வருகிறது.

ஆனால், நல்ல அறிவியல் மாணவர் இங்கே கையை உயர்த்த வேண்டும். இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன? பெரும்பாலும் தொழில்முனைவோர், வல்லுநர், பொதுமக்கள் ஆகியோரிடம் கருத்துக் கேட்டுப் பெற்றவை. பணக்கார நாட்டைப் பார்த்தவுடனேயே "அங்கே நிர்வாகமும் நன்றாகத்தான் இருக்கும்" என்று மனம் நினைத்துவிடலாம். அப்படியானால் நாம் நிர்வாகத்தை அளக்கவில்லை. செல்வத்தையே வேறொரு பெயரில் மீண்டும் அளந்துவிட்டோம். வெயிலில் வைத்த வெப்பமானியைக் கொண்டு அறையின் வெப்பத்தைச் சொல்வது போன்றது இது.

1,590 கடிதங்கள்

கருத்தைக் கேட்காமல் நேரடியாகவே அளக்க முடியாதா? நான்கு பொருளியலாளர்கள் ஓர் அருமையான வழியைக் கண்டார்கள். ஆல்பர்ட்டோ சோங், ரஃபாயல் லா போர்ட்டா, ஃபுளோரென்சியோ லோப்பஸ்-டி-சிலானெஸ், ஆண்ட்ரே ஷ்லைஃபர் ஆகியோரே அந்நால்வர். அவர்கள் 159 நாடுகளுக்கு, நாட்டுக்குப் பத்து என 1,590 கடிதங்களை அனுப்பினார்கள். உறையில் எழுதிய நகரம் உண்மை. ஆனால் நிறுவனமும் தெருவும் கற்பனை. அனுப்பியவரின் அமெரிக்க முகவரி மட்டும் தெளிவாக இருந்தது.

ஏன் இப்படி? முகவரி தவறான அயல்நாட்டுக் கடிதத்தை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. இந்த நாடுகள் அனைத்தும் அதற்குக் கட்டுப்பட்டவை. எனவே விதி ஒன்று, கடிதம் ஒன்று, வேலை ஒன்று. மாறுவது நாடு மட்டுமே. அதாவது நாடுதான் தற்சார்பு மாறி. திரும்பி வந்த கடிதங்களின் எண்ணிக்கையும் அதற்கு எடுத்த நாள்களும் சார்பு மாறி. கடிதமும் விதியும் கட்டுப்படுத்தப்பட்ட மாறி.

முடிவு என்ன? சில நாடுகள் பத்துக் கடிதங்களையும் 90 நாள்களுக்குள் திருப்பி அனுப்பின. அவற்றுள் அமெரிக்காவோடு எல் சால்வடோர் என்ற சிறிய நாடும் இருந்தது. சில நாடுகளிலிருந்து ஓராண்டு ஆகியும் ஒன்றுகூட வரவில்லை. பொதுவாக வருமானம் மிகுந்த நாடுகள் நன்றாகச் செய்தன. ஆனால் இயந்திரங்களும் பணமும் மட்டும் இந்த வித்தியாசத்தை முழுமையாக விளக்கவில்லை. வேலையை மேற்பார்வை செய்யும் முறையும் ஊழியரின் ஊக்கமும் சேர்ந்தே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இந்த ஆய்வின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எந்த அதிகாரிக்கும் இதனால் இலாபமில்லை, கையூட்டு வாங்கவும் வாய்ப்பில்லை. யாரும் பார்க்காதபோது ஓர் ஊழியர் தன் கடமையைச் செய்கிறாரா என்பது ஓர் உறையின் பயணத்தில் தெரிந்துவிடுகிறது.

குடையால் வெள்ளம் வருமா?

செயல்திறன் மிக்க நாடுகள் பெரும்பாலும் வளமாகவும் இருக்கின்றன. இதை உலகத் தரவுகள் காட்டுகின்றன. அப்படியென்றால் நல்ல நிர்வாகம்தான் வளத்தைக் கொண்டு வந்ததா?

அவசரப்படக்கூடாது. ஜார்ஜ்டவுனில் குடைகள் அதிகமாகத் தென்படும் நாள்களில்தான் திடீர் வெள்ளமும் ஏற்படுகிறது. அதற்காகக் குடையைத் தடை செய்தால் வெள்ளம் நின்றுவிடுமா? இரண்டுக்கும் பின்னால் மழை என்ற மூன்றாவது காரணம் உண்டு. சேர்ந்து நிகழ்வது வேறு. ஒன்று மற்றொன்றை நிகழ்த்துவது வேறு.

நிர்வாகமும் வளர்ச்சியும் அப்படித்தான். நல்ல நிர்வாகம் வளர்ச்சியைத் தரலாம். வளர்ச்சி பெற்ற நாடு நல்ல சம்பளம் கொடுத்து நல்ல அதிகாரிகளை அமர்த்தலாம். கல்வி போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் உயர்த்தியிருக்கலாம். போதாக்குறைக்கு, விதிக்கு அடங்காத நாடுகளும் உள்ளன. வங்காளதேசத்தின் செயல்திறன் குறியீடு சுழியத்திற்குக் கீழேயே இருந்த காலத்திலும், அதன் பொருளாதாரம் பல ஆண்டுகள் 6 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. தையல் ஆடைத் தொழில் அதற்குக் கைகொடுத்தது. கருதுகோளுக்குப் பொருந்தாத தரவை ஒளித்து வைப்பவர் அறிவியலாளர் அல்லர். ஏன் பொருந்தவில்லை என்று கேட்பவரே அறிவியலாளர்.

பினாங்கு என்னும் ஆய்வுக்கூடம்

இப்போது நம் வாசலுக்கே வருவோம். இன்று பாயான் லெப்பாஸ் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. ஆனால் 1960-களின் இறுதியில் பினாங்கின் நிலை வேறு. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய காலம் முதல் இந்தத் தீவு துறைமுக வாணிபத்தை நம்பி வாழ்ந்தது. 1963-இல் தொடங்கிய இந்தோனேசியாவுடனான மோதல் அந்த வாணிபத்தைக் குலைத்தது. 1960-களின் இறுதியில் ஜார்ஜ்டவுனின் தீர்வையற்ற துறைமுகத் தகுதியும் பறிபோனது. வேலை தேடியவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வேலை கிடைக்கவில்லை. இளைஞர்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

1969-இல் மருத்துவரான லிம் சோங் இயூ மாநில முதலமைச்சரானார். அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. "எங்கள் ஆள்களால் மின்னணுப் பொருள் செய்ய முடியும்" என்பதை வாயால் சொன்னால் யார் நம்புவார்? அதனால் கழகமே 'பினாங்கு எலக்ட்ரானிக்ஸ்' என்ற சிறு தொழிற்சாலையைத் தொடங்கிச் செய்து காட்டியது. ஆய்வுக்கூடத்தில் முன்னோட்டச் சோதனை என்கிறோமே, அதுவேதான்!

1971-இல் மத்திய அரசு தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் பாயான் லெப்பாஸில் உருவானது. அதே ஆண்டு இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கேதான் தொடங்கியது. நேஷனல் செமிகண்டக்டர், ஏ.எம்.டி., ஹியூலெட் பெக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து இவற்றை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் அழைக்கிறார்கள்.

1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டு வந்து தொழிலாளர்களைப் பயிற்றுவித்தன. உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் சுமார் 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடைபெறுகிறது. அதில் பினாங்கின் பங்கு பெரிது.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கதையால் கருதுகோள் நிறுவப்படுமா? அதே காலத்தில்தான் அமெரிக்க நிறுவனங்கள் குறைந்த கூலியில் ஆள்களைத் தேடி ஆசியாவுக்கு வந்துகொண்டிருந்தன. மத்திய அரசும் வரிச் சலுகை வழங்கியது. இங்கே ஆங்கிலம் அறிந்தவர்களும் விமான நிலையமும் இருந்தன. நிர்வாகம் இல்லாமலேயே இவை எல்லாம் நடந்திருக்கலாமே?

ஒரே சட்டம், இரண்டு வட்டாரங்கள்

இங்கேதான் நம் நாட்டுப் பொருளியலாளர் ஒருவரின் ஆய்வு கைகொடுக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக விளங்கிய ராஜா ராசையா, பினாங்கையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டு இடங்களிலும் மத்திய அரசின் சட்டம் ஒன்றே, வரிச் சலுகையும் ஒன்றே, ரிங்கிட்டும் ஒன்றே. இரண்டிலும் வெளிநாட்டு மின்னணு நிறுவனங்கள் வந்தன. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எத்தனை என்று பாருங்கள்!

முக்கியமான வித்தியாசம், நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் அமைப்பில் இருந்தது. பினாங்கில் மேம்பாட்டுக் கழகம் நிறுவனங்களுக்கும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கும் இடையே பாலமாக நின்றது. எந்தத் தொழிற்சாலைக்கு என்ன உதிரிப்பாகம் தேவை, எந்தப் பட்டறையால் அதைச் செய்து கொடுக்க முடியும், எங்கே பயிற்சி போதவில்லை என்று கேட்டறிந்து இணைத்தது. அதன் பயனாக, கிள்ளான் பள்ளத்தாக்கைக் காட்டிலும் பினாங்கில் உள்ளூர் நிறுவனங்களோடு பிணைப்பு வலுவாக வளர்ந்ததை அவருடைய ஆய்வுகள் காட்டின.

இரட்டைக் குழந்தைகளில் ஒருவருக்கு மட்டும் ஓர் உணவைக் கொடுத்துப் பார்ப்பது போன்றதே இந்த ஒப்பீடு. இரட்டையர் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது உண்மைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு தொழில்களும் பெருகியிருந்தன. ஆனாலும் வெறும் கதையைவிட இது பல படிகள் மேலான சான்று.

குலுக்கிப் போட்டு ஓர் ஆராய்வு

இதைவிட வலுவான சான்று வேண்டுமென்றால் என்ன செய்வது? மருந்துகளைச் சோதிப்பது போலவே செய்ய வேண்டும். அப்போதைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய மூவரும் அதைச் செய்தார்கள்.

இந்தியாவின் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஏழைகள் மண் வெட்டுகிறார்கள், குளம் தூர் வாருகிறார்கள். அவர்களுக்கான கூலி தாமதமாக வந்தது. ஒரு பகுதி வழியிலேயே மறைந்தது. விரல்ரேகையைச் சரிபார்த்துப் பணம் வழங்கும் மின்னட்டைத் திட்டத்தை மாநில அரசு கொண்டு வர எண்ணியது. எல்லா இடங்களிலும் ஒரே நாளில் தொடங்க இயலாது. எனவே சுமார் 1 கோடியே 90 லட்சம் மக்கள் வாழும் 157 வட்டாரங்களில், அட்டை எங்கே முதலில், எங்கே பின்னர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

குலுக்கல் ஏன்? அதிகாரிகள் தேர்ந்தெடுத்தால் முன்னேறிய வட்டாரங்களையே முதலில் எடுக்கக்கூடும். குலுக்கினால் ஏழை வட்டாரமும் வளமான வட்டாரமும் இரு பக்கமும் கலந்துவிடும். மழை, மண், கல்வி என எல்லா மாறிகளும் சராசரியில் சமமாகிவிடும்.

2016-இல் வெளியான முடிவின்படி, அட்டை வந்த வட்டாரங்களில் கூலி விரைவாகக் கையில் கிடைத்தது. இந்தத் திட்டத்தின்வழி குடும்பங்கள் பெற்ற வருமானம் சுமார் 24 விழுக்காடு உயர்ந்தது. வழியில் ஒழுகிய பணம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. வேலையின் கூலி விகிதத்தை யாரும் உயர்த்தவில்லை. உரிய பணம் உரியவரிடம் சேர்ந்தது, அவ்வளவுதான். நிர்வாகச் செயல்திறன் என்பது ஓர் ஏழைத் தாயின் கையில் ரூபாயாக வந்து விழுந்தது.

நமக்கும் இதற்கும் என்ன?

நிறைய இருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நம் சமூகம் நன்கு அறியும். ஒரு தாளில் பதிவாகாத காரணத்தால் பள்ளிச் சேர்க்கை, தேர்வு, வேலை, வங்கிக் கணக்கு என ஒவ்வொரு வாசலும் அடைபடுகிறது. 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இந்தியர்களுக்கெனச் சிறப்புப் பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. நிர்வாகத்தின் செயல்திறன் ஏடுகளில் உள்ள எண் மட்டுமன்று. முகப்பிடத்தில் நிற்கும் ஒரு பிள்ளையின் எதிர்காலமும் அதுவே.

வளர்ச்சி என்ற சொல்லையும் கேள்வி கேட்கப் பழகுங்கள். பினாங்கு வளர்ந்த காலத்தில் பாயான் லெப்பாஸின் உற்பத்திக் கூடங்களில் மூன்று வேளை மாற்றுப் பணியில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். உங்கள் பாட்டியோ அத்தையோ அவர்களுள் ஒருவராக இருக்கலாம். உருப்பெருக்கியில் நாள் முழுதும் கண் பதித்து மெல்லிய கம்பிகளை இணைத்தவர்களுக்கு அந்த வளர்ச்சியில் எவ்வளவு பங்கு கிடைத்தது? சராசரி உயர்வதும், எல்லாரும் உயர்வதும் ஒன்றல்ல. இதையும் அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். 2024-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை டாரோன் அசமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய மூவரும் பெற்றனர். ஒரு நாட்டின் அமைப்புகள் எப்படி உருவாகின்றன, அவை வளத்தை எப்படிப் பாதிக்கின்றன என்ற ஆய்வுக்கே அப்பரிசு. இத்துறைக்குக் கணிதமும் புள்ளியியலும் தேவை. கணினி நிரலாக்கம் உதவும். மக்களிடம் பொறுமையாகப் பேசிக் கேட்கும் காதும் வேண்டும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பினாங்குப் பிள்ளைக்கு அந்தக் காது இயல்பாகவே உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்

நால்வர் குழுவாகச் சேருங்கள். உங்கள் குடியிருப்பில் எரியாத தெருவிளக்கு, சாலைக் குழி, அடைபட்ட கால்வாய் ஆகியவற்றை உற்றறிந்து பட்டியலிடுங்கள். பெற்றோர் துணையுடன் ஊராட்சி மன்றத்திடம் முறையாகப் புகார் செய்யுங்கள். புகார் செய்த நாள், பதில் வந்த நாள், பழுது சரியான நாள் ஆகிய மூன்றையும் அட்டவணையில் குறியுங்கள். வேறு குடியிருப்பில் வாழும் நண்பர்களின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

மூன்றை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, இரண்டு புகார்களை வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்தது இருபதாவது வேண்டும். இரண்டாவது, விளக்கை விளக்கோடும் குழியைக் குழியோடும் ஒப்பிடுங்கள். மூன்றாவது, பொய்ப் புகார் ஒருபோதும் கூடாது. உண்மையான பழுதைச் சரிசெய்ய வேண்டிய ஊழியரின் நேரத்தை அது திருடிவிடும்.

அட்டவணை நிறைந்ததும் உங்கள் கருதுகோளை மீண்டும் படியுங்கள். தரவு அதற்கு எதிராக நின்றால் கருதுகோளை மாற்றுங்கள், தரவை மாற்றாதீர்கள். குழிகள் சரியாகிவிட்டிருந்தால், ஆராய்வோடு ஊருக்கும் ஒரு நன்மை செய்துவிட்டீர்கள்.